எடை குறைந்த சுவரும் அதைப் பிடித்திருக்கும் இணைப்பும்



பண்டார் பாருவிலிருந்து பினாங்குத் தீவுக்குப் போனவர்கள் ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியைப் பார்த்திருப்பீங்க. 17, 18 மாடிகள் கொண்ட கட்டடங்களில் மொத்தம் 3,699 வீடுகள். 1960-களில் தொடங்கிய திட்டம் அது. அந்தச் சுவர்கள் செங்கல் அடுக்கிக் கட்டியவை இல்லை. முன்னதாகவே வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கிரேனில் தூக்கி நிறுத்தினார்கள். அதற்கு முன், 1964-ல் தொடங்கிய கோலாலம்பூர் பெக்கெலிலிங் அடுக்குமாடித் திட்டமும் இதே வகைதான். ஆக, முன்வார்ப்புக் கான்கிரீட் நமக்குப் புதுசு இல்லை.

அந்த வீடுகளில் கனமான சுவர்களே மேல்மாடிகளைத் தாங்கின. இன்றைய அலுவலகக் கட்டடத்தில் பெரும்பாலும் தூணும் உத்திரமும்தான் சுமையைத் தாங்கும். சுவர்ப் பலகை இடைவெளியை மூடும், மழையையும் வெயிலையும் தடுக்கும். அதனால்தான் அதை எடை குறைவாகச் செய்ய முடிகிறது.

எப்படி எடை குறைக்கிறார்கள்? ஒரு முறை, 1920-களில் சுவீடனில் யோஹான் அக்சல் எரிக்சன் கண்டுபிடித்தது. மணல், சிமெண்டு, சுண்ணாம்பு, தண்ணீர் கலந்த குழம்பில் சிறிதளவு அலுமினியத் தூள் சேர்ப்பார்கள். வேதிவினையில் ஹைட்ரஜன் வாயு உண்டாகி, கலவை ஆப்ப மாவு போலப் பொங்கும். பிறகு அளவாக வெட்டி, உயர் அழுத்த நீராவியில் இறுக வைப்பார்கள். உள்ளே நிற்கும் நுண்ணிய காற்றறைகள் எடையைக் குறைக்கும். வெப்பம் கடப்பதையும் மெதுவாக்கும்.

இப்போ கணக்கைப் பார்ப்போம். பலகையின் உயரம் 3 மீட்டர், அகலம் 0.6 மீட்டர், தடிப்பு 0.1 மீட்டர்.

கன அளவு: 3 × 0.6 × 0.1 = 0.18 கன மீட்டர்
சாதாரணக் கான்கிரீட் (அடர்த்தி 2,400 கி.கி./கன மீட்டர்): 432 கி.கி.
காற்றறைக் கான்கிரீட் (அடர்த்தி 600 என்று கொள்வோம்): 108 கி.கி.

ஒரு மாடிக்கு 100 பலகை என்றால் 32,400 கி.கி. குறைகிறது. பத்து மாடிக்கு 324 டன்! ஆற்றோரக் களிமண் நிலத்தில் அடித்தளம் போடுபவருக்கு இது பெரிய நிம்மதி.

ஆனால் ‘எடை குறைவு, வேகம் அதிகம்’ என்று மட்டும் எழுதி விடையை முடிச்சிடாதீங்க. 1968 மே 16 அன்று லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பின் 18-வது மாடியில் சமையல் எரிவாயு வெடித்தது. வெளிச்சுவர்ப் பலகை பிய்த்துக்கொண்டு போனது. மேல்மாடிகள் தாங்கல் இழந்து விழ, அந்தக் கனத்தில் கீழ்மாடிகளும் சரிந்தன. கட்டடத்தின் ஒரு மூலையே போனது. 4 பேர் இறந்தார்கள். காரணம், பலகைகளுக்கு இடையே வலுவான பிணைப்பு இல்லை.

அலுவலகச் சுவர் மாடியைத் தாங்காது. ஆனாலும் பிடிமானம் தளர்ந்தால் 108 கிலோ பலகை தெருவில் விழும். அதனால் எஃகுப் பிடிமானம் பலகையின் எடையையும் காற்றின் தள்ளுதலையும் சேர்த்துத் தாங்க வேண்டும். இரண்டு பலகைக்கு நடுவில் விரிந்து சுருங்க இடைவெளி விட்டு, நீர் புகாத பசையால் அடைக்க வேண்டும். காற்றறைக் கான்கிரீட் தண்ணீரை உறிஞ்சும். எனவே வெளிப்பூச்சும் அவசியம்.

நம் நாட்டில் 2008-ல் வந்த கருவூலச் சுற்றறிக்கை, அரசாங்கக் கட்டடத் திட்டங்களுக்கு ஐ.பி.எஸ். மதிப்பெண் குறைந்தது 70 வேண்டும் என்றது. ஐ.பி.எஸ். என்பது தொழில்மயக் கட்டுமான முறை. எனவே இனி நாம் நுழையும் பல அரசாங்க அலுவலகங்களில் இத்தகைய சுவர்களைப் பார்க்கலாம்.

ஆசிரியர்களே, வகுப்பில் இதைச் செய்து காட்டுங்க. தடித்த அட்டைகளால் இரண்டு நான்கு மாடி வீடுகள் கட்டுங்க. ஒன்றில் மூலைகளை ஒட்டுநாடாவால் பிணைக்கணும். மற்றதைச் சும்மா சாத்தி வைக்கணும். பிறகு இரண்டிலும் நடுமாடிச் சுவர் ஒன்றை உருவச் சொல்லுங்க. எது நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று மாணவர்களே சொல்லட்டும். அதையே விடைத்தாளிலும் எழுதட்டும்.