காலி இடத்தைத் தாண்டிப் போனால்?

செல்போன் செயலியோ வங்கிக் கணக்கோ, தகவலைச் சட்டென்று தேடி எடுக்கப் பெரும்பாலும் ‘ஹேஷ் டேபிள்’தான் கைகொடுக்கிறது. 1950களிலிருந்து புழக்கத்தில் இருப்பது. இனி இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்று பலரும் விட்டுவிட்ட விஷயம்.

ஹேஷ் டேபிளை ரயில் நிலைய டூவீலர் ஸ்டாண்டாக நினைத்துக்கொள்ளுங்கள்; தகவல்தான் வண்டி. 1000 இடம், 999 நிரம்பியாயிற்று. கடைசியாக வருபவர் பார்த்த இடத்தையே மறுபடி பார்க்க நேர்ந்தாலும் கவலைப்படாமல், மனம்போன போக்கில் எட்டிப் பார்த்துக்கொண்டே போனால், சராசரியாக 1000 இடங்களைப் பார்த்தால்தான் வண்டியை நிறுத்த முடியும். கண்ணில் படும் முதல் காலி இடத்திலேயே போட்டுவிடுகிற எந்த முறையும் இதைவிடப் பெரிதாகத் தேறாது என்பது 1985இல் கணினி விஞ்ஞானி ஆண்ட்ரூ யாவ் முன்வைத்த கருத்து. பின்னாளில் கணினித் துறையின் டூரிங் விருது வாங்கியவர் சொன்னதாயிற்றே, 40 ஆண்டுகள் அது அசையவில்லை.

அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவராக இருந்த ஆண்ட்ரூ கிராபிவின், தன் பேராசிரியர் மார்ட்டின் ஃபராக்-கோல்டன் மற்றவர்களோடு எழுதிய ஒரு கட்டுரையை 2021இல் கண்டார்; இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் அதைப் படித்தார். அதிலிருந்த யோசனையை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்க்கப் போய், புதுவகை ஹேஷ் டேபிளில் வந்து நின்றார். பேராசிரியருக்கு நம்பிக்கை வரவில்லை. அதே கட்டுரையின் இன்னொரு ஆசிரியரான வில்லியம் குஸ்மாலைச் சரிபார்க்கச் சொன்னார். யாவின் கணிப்பே கவிழ்ந்துவிட்டதைக் கண்டுகொண்டவர் அவர்தான். மூவரின் கட்டுரை 2025 ஜனவரியில் வெளியானது.

கிராபிவினுக்கு யாவின் கணிப்பு தெரிந்திருக்கவில்லை. அறியாமைதான் அவரைக் காப்பாற்றியது என்கிறார்கள். எனக்கு அது பாதிக் கதையாகப் படுகிறது. ஆசிரியரின் கட்டுரையைப் படித்துப் பார்த்த மாணவரும், மாணவர் சொன்னதைத் தட்டிக்கழிக்காத ஆசிரியரும் அல்லவா மீதிக் கதை!

புதிய முறையில் ஸ்டாண்டைப் பெரியது, அதைவிடச் சிறியது, இன்னும் சிறியது என்று பகுதிகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் சில இடங்களை மட்டும் பார்த்து, காலியில்லாவிட்டால் அடுத்ததற்கு நகர வேண்டும். இதனால் தேடல் 1000 என்ற எண்ணைப் பொறுத்ததாக இல்லாமல், அதன் மடக்கையின் வர்க்கத்தைப் பொறுத்ததாகிறது. 1000இன் மடக்கை (அடிமானம் 2) தோராயமாக 10; 10ஐப் 10ஆல் பெருக்கினால் 100. முதல் காலி இடத்திலேயே நின்றுவிடும் முறைகளுக்கு இதுவே எல்லை என்றும் நிறுவியிருக்கிறார்கள்.

அந்தப் பழக்கத்தையும் விட்டு, காலி இடத்தைக் கண்டபிறகும் இன்னும் கொஞ்சம் நோட்டம் விட்டால்? எல்லா வண்டிகளுக்குமான சராசரித் தேடல் நேரம் மாறவே மாறாது. ஸ்டாண்டு 90 சதவீதம் நிரம்பியிருந்தாலும் சரி, 99.9 சதவீதம் நிரம்பியிருந்தாலும் சரி.