சர்க்கரையைத் தொட்டு எதிரியை அறியும் சிப்பி

குளச்சல், கடியபட்டணம் பக்கம் பாறைகளில் முக்குளித்துப் பறிக்கிறார்களே, அந்தச் சிப்பியின் உறவினர்கள் உலகின் பல கடல்களில் இருக்கிறார்கள். எல்லாருக்கும் பிழைப்பு ஒன்றுதான்: கடல்நீரை லிட்டர் கணக்கில் உள்ளே இழுத்து, வடிகட்டித் தின்பது. இரையோடு பாக்டீரியா, பூஞ்சை, வைரஸ் எல்லாமும் உள்ளே வரும். ஆனால் சிப்பிக்கு நம்மைப் போல ஆன்டிபாடி கிடையாது. பிறகு எப்படி எதிரியை அடையாளம் காண்கிறது?

சர்க்கரையை வைத்துத்தான். உயிரணுக்களின் வெளிப்புறம் பொதுவாகச் சர்க்கரைச் சங்கிலிகளால் மூடப்பட்டிருக்கும். நம் ஏ, பி, ஓ ரத்த வகை வேறுபாடுகூடச் சிவப்பணு மேலுள்ள சர்க்கரையின் வேறுபாடுதான். பாக்டீரியாவுக்கு ஒரு மாதிரி, ஈஸ்டுக்கு வேறு மாதிரி. குறிப்பிட்ட சர்க்கரையைக் கண்டால் மட்டும் பற்றிக்கொள்ளும் புரதங்களுக்கு லெக்டின் என்று பெயர். அவை சர்க்கரையை வெட்டுவதில்லை, மாற்றுவதுமில்லை, பிடித்துக்கொள்ளும், அவ்வளவே. ஒரே லெக்டினில் பிடிமானங்கள் பல இருப்பதால் கிருமிகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டுக் கட்டியாகின்றன. சிப்பியின் ரத்த அணுக்கள் வந்து அவற்றை விழுங்குகின்றன.

இதை ஆய்வகத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். சிறு குழிகள் உள்ள தட்டில் சிவப்பணுக்களை விட்டு, சிப்பிச் சாற்றைச் சேர்க்கிறார்கள். லெக்டின் இல்லாவிட்டால் அணுக்கள் குழியின் நடுவில் சிவப்புப் பொட்டாகப் படியும். இருந்தால் வலைபோலப் பின்னிக்கொண்டு அடிப்பக்கம் முழுதும் பரவி நிற்கும். அதில் காலக்டோஸ் என்ற சர்க்கரையைக் கலந்ததும் பின்னல் உருவாகாமல் போனால், லெக்டின் தேடுவது காலக்டோஸைத்தான் என்று தெரிந்துவிடும்.

ரஷ்யாவின் விளாடிவோஸ்தோக் ஆய்வாளர்கள் ஜப்பான் கடலின் பெரிய சிப்பி ஒன்றில் இப்படியொரு லெக்டினைப் பிரித்தெடுத்தார்கள். அந்தச் சிப்பிக்குள் ஈஸ்டைச் செலுத்தியபோது, சில மணி நேரத்திலேயே அந்த லெக்டினின் உற்பத்தி கூடியது. தற்காப்பில் அதற்குப் பங்குண்டு என்பதற்கு இது நல்ல சான்று.

ஒரு லெக்டின் போதாது, எதிரிகள் பலவிதம். மத்தியதரைக் கடல் சிப்பியிடம் இவ்வகை அடையாளம் காணும் புரதங்களுக்கான மரபணுக்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. 2020இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு இன்னொரு வியப்பைச் சொன்னது: ஒரு சிப்பியிடம் இருக்கும் மரபணு பக்கத்துச் சிப்பியிடம் இல்லாமலே போகலாம். இப்படி விடுபடுபவற்றில் தற்காப்பு மரபணுக்கள் கணிசம். ஒரே நோய் எல்லாரையும் வாரிக்கொண்டு போகாமலிருக்க இது உதவலாம்.

இதே மத்தியதரைக் கடல் சிப்பியில் ஜப்பானியர் கண்டறிந்த மைட்டிலெக் என்ற லெக்டின் 2012இல் பேசப்பட்டது. பர்கிட் லிம்போமா என்ற ரத்தப் புற்றணுக்களின் மேலுள்ள ஒரு சர்க்கரையைப் பற்றி, அவற்றைச் சாகச் செய்தது. இரண்டிரண்டாக இணைந்திருக்கும் இந்தப் புரதத்தைத் தனித்தனியாகப் பிரித்தபோது பற்றும் திறன் இருந்தது, கொல்லும் திறன் போயிற்று. அதன் வடிவத்தைப் பின்பற்றி, கொல்லாமல் அடையாளம் மட்டும் காட்டும் செயற்கைப் புரதம் ஒன்றையும் உருவாக்கியிருக்கிறார்கள்.

இந்தப் புற்றணுச் சோதனைகளெல்லாம் ஆய்வகத்தில் வளர்த்த அணுக்களில் நடந்தவை. வெந்த சிப்பியில் புரதத்தின் வடிவம் குலைந்துவிடும். மிச்சத்தை வயிறு செரித்துவிடும். ஆகவே சிப்பிச் சாறு புற்றுநோயைத் தீர்க்கும் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். ருசிக்காகச் சாப்பிடுங்கள்.