மணல் இல்லாத கடல்மீன் தொட்டிக்கு எந்த ராஸ்?

கடல்மீன் தொட்டியில் பவளங்களை அரிக்கும் தட்டைப்புழு, ஓடில்லாக் கடல்நத்தை, சிப்பியில் ஒட்டிச் சாறு உறிஞ்சும் குட்டி நத்தை ஆகிய பூச்சிகளைத் தின்று அடக்குவதற்கென்றே பலர் ராஸ் மீன்களை வாங்குகிறார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட குடும்பம் இது. சுத்தம் செய்ய எளிது என்று அடியில் மணல் போடாமல் விட்ட தொட்டிக்கு இவற்றில் எது பொருந்தும் என்பதை நிறமோ விலையோ தீர்மானிப்பதில்லை. அந்த மீன் இரவில் எங்கே தூங்கும் என்பதே தீர்மானிக்கிறது.

யெல்லோ கோரிஸ், மெலனூரஸ் உள்ளிட்ட ஹாலிகோரஸ் இனங்களும் லெப்பர்ட் ராஸும் மணலுக்குள் புதைந்து தூங்குபவை. விளக்கு அணையும் நேரத்திலும், மிரளும்போதும் தலைகீழாகத் தரையை நோக்கிப் பாய்வது அவற்றின் பிறவிக் குணம். அடியில் வெறும் கண்ணாடி இருந்தால் அதிலும் அதே வேகத்தில் மோதும். வாய் கிழியும், தாடை வீங்கும், இரை எடுக்க முடியாமல் மெலிந்து சாகும். மெலனூரஸ் தட்டைப்புழுவை நன்றாகத் தின்னும் என்று கடைக்காரர் சொல்வது உண்மைதான். மணல் இல்லாத தொட்டிக்கு அது ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியது அவர் கடமை.

அந்த மீன்தான் வேண்டும் என்றால், ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் 5 செ.மீ.க்குக் குறையாத ஆழத்துக்கு மென்மையான அரகோனைட் மணல் நிரப்பித் தொட்டியின் மூலையில் வைப்பது ஒரு வழி. காவிரியிலிருந்தோ கொள்ளிடத்திலிருந்தோ மணல் எடுத்துப் போடுவது வழியாகாது. ஆற்று மணலில் பெரும்பகுதி சிலிக்கா. அதன் கரடான மணிகள் மீனின் உடம்பைக் கீறக்கூடும். அனுமதியின்றி ஆற்றில் மணல் அள்ளுவது 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டப்படி குற்றமும்கூட.

மணல் கேட்காத ராஸ்களும் உண்டு. இவை பாறை இடுக்கில் நுழைந்து, தம் உடலிலிருந்து சுரக்கும் சளிப்படலத்தைச் சுற்றிக்கொண்டு தூங்கும். இவற்றில் எளிதில் கிடைப்பது சிக்ஸ் லைன் ராஸ். 10 செ.மீ.க்குள் அடங்கும் இந்த மீன், கண்களைத் தனித்தனியே உருட்டியபடி பாறையின் பொந்து பொந்தாக எட்டிப் பார்க்கும். ஒரு கணம் அசையாமல் நிற்கும். பிறகு சட்டென்று கொத்தும். பூச்சி பிடிப்பதில் இதை நம்பலாம். இடம் பழகிவிட்டால் புதிதாக வரும் சாதுவான மீன்களைத் துரத்தித் துன்புறுத்தும் என்பதால், மற்ற மீன்களை எல்லாம் விட்டபின் கடைசியாக இதை விட வேண்டும். ஃபேரி ராஸ், ஃபிளாஷர் ராஸ் ஆகியவையும் பாறையில்தான் தூங்கும். ஆனால் அவை நீரில் மிதந்து வருவதைத் தின்பவை, பூச்சிக்காக வாங்கிப் பயனில்லை. எந்த ராஸும் துள்ளி வெளியே விழக்கூடியது. தொட்டிக்கு வலை மூடி அவசியம்.

மன்னார் வளைகுடாவில் வாழும் இரண்டு ராஸ்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மூன் ராஸ் ஒரு சாணுக்கு மேல் வளர்ந்து இறாலையும் சிறு நண்டையும் தின்றுவிடும். கிளீனர் ராஸ் மற்ற மீன்களின் உடம்பில் உள்ள ஒட்டுண்ணிகளைத் தின்பது. பவளத்தின் பூச்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை. தொட்டியில் பெரும்பாலும் பட்டினியால் சாகும் அதைக் கடலிலேயே விட்டுவைப்பது நல்லது.

எந்த ராஸும் பவளத்தில் ஒட்டியிருக்கும் பூச்சி முட்டைகளை முழுதாக ஒழிக்காது. ஐப்டேசியா என்னும் களைப்பூவையும் தின்னாது. புதிதாக வாங்கும் பவளத்தை மருந்துநீரில் முக்கி, தனித்தொட்டியில் வைத்திருந்து பிறகு சேர்ப்பதுதான் முதல் காப்பு. பூச்சியை ஒழிக்கப் பாறையைக் கொதிக்க வைப்பது மிக ஆபத்தானது. சோவாந்திட் என்னும் பவளம் போன்ற உயிர் ஒட்டிய பாறையிலிருந்து பாலிடாக்சின் என்னும் கடும் நஞ்சு ஆவியோடு கலந்து வீட்டில் இருக்கும் எல்லோரையும் தாக்கலாம். வெளிநாடுகளில் இப்படிக் குடும்பமாக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் உண்டு. மூச்சுத்திணறலோ நெஞ்சு இறுக்கமோ தோன்றினால் உடனே வெளியேறி 108ஐ அழைக்க வேண்டும். எந்தப் பாறையைக் கையாண்டார்கள் என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பூச்சியைவிடப் பெரிய சிக்கல் பவளத்திலேயே இருக்கிறது. 2001 முதல் எல்லாக் கல்பவளங்களும், கடல்விசிறி, நெருப்புப்பவளம் ஆகியவையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கு இணையான பாதுகாப்பில் உள்ளன. ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து வருவதாகச் சொல்லி விற்கப்படும் செத்த பவளக்கல்லுக்கும் இது பொருந்தும். தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. 2022 திருத்தத்துக்குப் பின் அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். தெரியாமல் வாங்கினேன் என்பது கைகொடுக்காது. தொட்டிக்குச் செயற்கைப் பாறையே போதும். சிக்ஸ் லைன் அதன் பொந்திலும் நிம்மதியாகத் தூங்கும். பவளக்கல் விற்கப்படுவதைக் கண்டால் மாவட்ட வன அலுவலகத்தில் தெரிவிக்கலாம்.

தவறான மீனை விற்றால் வாங்கியவருக்குப் புகார் செய்யும் உரிமை உண்டு. அதற்கு ஆதாரம் பில். "ராஸ் 1" என்று எழுதிய பில்லை வைத்து எதையும் நிறுவ முடியாது. இனப்பெயரை முழுதாக எழுதித் தரச் சொல்ல வேண்டும். மணல் இல்லாத தொட்டி என்பதைச் சொல்லி, மீன் அதற்குப் பொருந்துமா என்று வாங்குவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் கேட்டுப் பதில் வாங்கி வைப்பது இன்னும் நல்லது. பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பார்சலில் வரும் மீன் என்றால் பையைப் பிரிக்கும் முன்பே வீடியோ எடுக்க வேண்டும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் திருச்சி போன்ற ஊரில், தொட்டி சூடாகித்தான் மீன் செத்தது என்று கடைக்காரர் வாதிடக்கூடும். வெப்பமானியும் தெரியும்படி எடுத்த படம் அப்போது உதவும்.

முதலில் கடைக்கு எழுத்தில் புகார், அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். இணையத்தில் வாங்கியிருந்தால் விற்பனைத் தளம் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அதிலும் தீராவிட்டால், திருச்சியில் வாழ்பவர் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் அணுகலாம். மீன் சென்னை கொளத்தூரிலிருந்து வந்திருந்தாலும், வாங்கியவர் ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தால் வழக்கைத் திருச்சியிலேயே தொடுக்க முடியும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.