பால் திரியாத கோழிக் குழம்பு

அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்கும் ஆண்களே, நீங்களும் இதைப் படியுங்கள்.

புக்கிட் ரோத்தானிலிருந்து கோல சிலாங்கூருக்கோ கிள்ளானுக்கோ போனால் பிள்ளைகள் என்ன கேட்கிறார்கள்? சீனர் கடையில் கெட்டியாகப் பால் ஊற்றித் தரும் 'பட்டர் சிக்கன்' கேட்கிறார்கள். ஆசைப்படுவது பிள்ளைகளின் குற்றமல்ல. ஆனால் நம் கையிருப்பையும் பார்க்க வேண்டுமல்லவா? 2023 நவம்பர் 1ஆம் தேதி கோழிக்கான அரசாங்க மானியமும் விலைக் கட்டுப்பாடும் நின்றன. 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. ஆறு பேர் கடையில் உட்கார்ந்து எழுந்தால் ஒரு நாள் கூலி கரைந்துவிடும். அதே ருசியை வீட்டில் வரவழைக்க முடியாதா? முடியும்.

கடைக்காரர் செய்வது என்ன? பொரித்த கோழியோடு வெண்ணெய், கறிவேப்பிலை, சீலி பாடி, இனிப்பில்லாத டின் பால் ஆகியவற்றைச் சேர்க்கிறார். (தேநீருக்கு ஊற்றும் இனிப்புப் பால் அல்ல, மாற்றி வாங்கிவிடாதீர்கள்.) நமக்கு அந்த டின்னும் வேண்டாம், தேங்காய் போதும். பெஸ்தாரி ஜெயா அருகே தென்னமரம் தோட்டம் இருப்பது உங்களுக்குத் தெரியும். 1917இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகோனியே நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டது அங்கேதான். செம்பனை பிறந்த இடத்துக்கே தென்னையின் பெயர் என்றால், நம் சமையலில் அது எப்படி இல்லாமல் போகும்?

இனி செய்முறை. ஒரு கிலோ கோழியை எலும்போடு பத்துத் துண்டாக்கி, மஞ்சள், மிளகுத்தூள், உப்பு பிசிறி அரை மணி நேரம் வையுங்கள். ஒரு தேங்காயைத் துருவி, அரைக் குவளை வெந்நீர் விட்டுப் பிழிந்த முதல் பாலைத் தனியே எடுத்து வையுங்கள். மறுபடி இரண்டு குவளை நீர் விட்டு இரண்டாம் பால் எடுங்கள்.

குவாலியில் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு, கோழியைத் தோல் பக்கம் கீழே இருக்கப் போட்டுச் சிவக்க வறுத்து எடுங்கள். அதே எண்ணெயில் பட்டை, சோம்பு, கறிவேப்பிலை, இரண்டு வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, கீறிய பச்சை மிளகாய் நான்கு ஆகியவற்றை வதக்குங்கள். கோழியையும் இரண்டாம் பாலையும் சேர்த்து மூடி, அரை மணி நேரம் வேக விடுங்கள். வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு ஒன்றைக் கலந்தால் சாறு கெட்டியாகும். பிறகு தீயை நன்றாகக் குறைத்து, முதல் பாலை ஊற்றிக் கிளறி, ஓரத்தில் ஆவி பறந்ததும் இறக்கிவிடுங்கள். கொதிக்கவே கூடாது.

ஏன்? தேங்காய்ப்பாலில் கொழுப்புத் துளிகள் தண்ணீரோடு கலந்து நிற்பதற்குப் புரதம் துணை செய்கிறது. கடுந்தீயில் அந்தப் புரதம் உறைந்தால் எண்ணெய் பிரிந்து குழம்பு திரிந்துவிடும். பக்கத்து வீட்டு மலாய் அக்கா ரெண்டாங் செய்யும்போது எண்ணெய் பிரியட்டும் என்றே மணிக்கணக்கில் கொதிக்க விடுவார். அதற்கு அதுதான் அழகு. நம் குழம்புக்கு ஆகாது. புளிப்பும் பாலைத் திரிக்கும். ஆகவே எலுமிச்சைச் சாறு வேண்டுமானால் இறக்கிய பிறகே பிழியுங்கள்.

ஆசிரியன் என்ற முறையில் ஒரு வார்த்தை. பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவினால் கிருமி நாலாபுறமும் தெறிக்கும். ஈரத்தை ஒற்றி எடுத்தாலே போதும். அரிந்த பலகையையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கோழியின் உட்புறம் 74 பாகை செல்சியஸ் வரை சூடேற வேண்டும். எலும்போரம் சிவப்பு தெரிந்தால் இன்னும் வேகட்டும். தேங்காய்ப்பால் சேர்த்த குழம்பை நம் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். இரவு மீந்ததைக் குளிர்பெட்டியில் வைத்து, காலையில் தளதளவெனக் கொதிக்கவைத்த பிறகே கொடுங்கள். அப்போது பால் திரிந்தாலும் பரவாயில்லை. அழகைவிடப் பிள்ளையின் வயிறு பெரிது. வெளியில் இருந்த பழைய குழம்பை மட்டும் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.

தேங்காய்ப்பாலில் கொழுப்பு அதிகம். ஆகவே வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை போதும். அன்று தேங்காய் துருவுவதும் பிழிவதும் ஆண்கள் வேலையாக இருக்கட்டும். வாரம் முழுதும் வெளிவேலையும் வீட்டுவேலையும் பார்த்த கைக்கு ஒரு நாளாவது ஓய்வு வேண்டாமா?