கன்னியாவின் வெந்நீரும் வைத்தியரின் வெப்பமும்

திருகோணமலைத் துறைமுகத்தை விட்டு அநுராதபுர வீதி வழியே சில கல் தொலைவு சென்று, கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் அள்ளி முழுகி, உடல்நோவு தீர்ந்ததென்று ஆறுதலடையும் வழக்கம் எம்மவரிடையே தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. இராவணேசுவரன் தன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கிய தீர்த்தம் என்னும் ஐதிகமும் அதன் மகிமையை வளர்த்திருக்கிறது. அந்தப் பக்தியை நான் குறைகூற வரவில்லை. ஆயினும், மார்பிலோ கழுத்திலோ கட்டியொன்று தோன்றிய பின்னும், சூடு பட்டால் கரைந்துவிடும் என்று வெந்நீரையும் ஒத்தடத்தையுமே நம்பி மாதங்களைக் கழிப்பவர்களை எண்ணும்போது மனம் பதைக்கிறது.

வெப்பத்துக்கும் புற்றுநோய்க்கும் பகை உண்டென்பது மெய்யே. கடுந்தொற்றினால் காய்ச்சல் கண்ட ஒரு நோயாளியின் முகத்துக் கட்டி மறைந்ததை 1866இல் ஜெர்மானிய வைத்தியர் புஷ் எழுதிவைத்தார். 1891இல் நியூயோர்க் சத்திரவைத்தியர் வில்லியம் கோலி, கிருமியைத் தாமே செலுத்திக் காய்ச்சலை வருவித்துப் பார்த்தார். கட்டியை வருத்தியது காய்ச்சலா, உடலின் எதிர்ப்புச் சக்தியா என்ற விவாதம் நெடுங்காலம் நடந்தது. புற்றுக்கட்டியின் இரத்தக் குழாய்கள் ஒழுங்கற்றவையாதலால் அது சூட்டை எளிதில் வெளியேற்ற மாட்டாது என்பதும், பிராணவாயு குறைந்து கதிர்ச்சிகிச்சைக்கு மசியாத அணுக்களே வெப்பத்துக்கு இளகுவன என்பதும் பின்னர் தெளிவாயின. ஆகவே மின்காந்த அலைகளால் கட்டியை 40 முதல் 43 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, கதிர்ச்சிகிச்சைக்கோ மருந்துக்கோ துணையாக்கும் முறை பிறந்தது. 2000ஆம் ஆண்டில் வெளியான ஒல்லாந்து ஆய்வொன்றில், முற்றிய கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர் மாத்திரம் பெற்ற பெண்களுள் நூற்றுக்கு 27 பேரும், வெப்பமும் சேர்த்துப் பெற்றவருள் 51 பேரும் மூன்றாண்டின் பின் உயிருடனிருந்தனர். அங்கும் வெப்பம் தனித்து நின்று குணமாக்கவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

கிணற்று நீரின் சூடோ தோலோடு நின்றுவிடும். உள்ளே புகுவதையும் ஓடும் இரத்தம் வாரிக்கொண்டு போய்விடும். மார்புச் சத்திரசிகிச்சையால் கை வீங்கியவருக்கும், கதிர்பட்ட தோலுடையவருக்கும், மருந்தினால் பாதம் மரத்தவருக்கும் கடுஞ்சூடு தீங்கே செய்யும்.

கட்டி, ஆறாத புண், காரணமற்ற இரத்தப்போக்கு ஆகியவற்றைக் கண்டதும் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வேண்டுமாயின் மகரகம போன்ற புற்றுநோய் வைத்தியசாலைக்கு அங்கிருந்து அனுப்பிவைப்பார்கள். அரச வைத்தியசாலைச் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. 35 வயதைக் கடந்த பெண்கள் சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையை இலவசமாகச் செய்துகொள்ளலாம். தமிழ் அரசகரும மொழியாதலின், சிகிச்சையின் பயனையும் தீங்கையும் விளங்கும்படி தமிழில் கேட்டறிய நீங்கள் கூசவேண்டியதில்லை.

வெப்ப இயந்திரத்தால் குணமாக்குவோம் என்று பணம் கேட்பவரிடம், அவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிந்தவரா, அக்கருவி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதியப்பட்டதா என்று முதலில் கேளுங்கள். பணம் கொடுத்தால், திகதியிட்ட பற்றுச்சீட்டு வாங்காமல் எழுந்து வராதீர்கள். ஏமாற்றப்பட்டவர் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம்; சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அம்முறைப்பாடு சென்று சேரவேண்டும்.