பீரங்கிக்கும் பிறப்புச் சான்றிதழ் உண்டு

பள்ளி விடுமுறையில் அக்காள் மகனைப் பாயான் லெப்பாஸிலிருந்து பேருந்தில் ஏற்றி, கார்ன்வாலிஸ் கோட்டைக்கு அழைத்துப் போனேன். அங்குள்ள ஸ்ரீ ரம்பாய் பீரங்கியைப் பார்த்ததும், "வெள்ளைக்காரங்க செஞ்சதுதானே மாமா?" என்றான்.

கோட்டை அவர்களுடையது, பீரங்கி அல்ல. பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கியது 1786இல். பீரங்கி அதைவிட 183 ஆண்டு மூத்தது. எப்படித் தெரியும்? பீரங்கியே சொல்கிறது.

முதலில் உலோகம். இரும்பு துருப்பிடிக்கும், இது களிம்பேறிப் பச்சை படர்ந்த வெண்கலம். அடுத்து, நிறுவன முத்திரை. 'வி.ஓ.சி.' என்றதும் கப்பலோட்டிய தமிழர் நினைவுக்கு வருவார். இது 1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்திய நிறுவனம்! பின்பக்கம் லத்தீனில் வார்ப்பாசாரியின் கையொப்பம்: 'யான் பெர்கெருஸ் என்னைச் செய்தார், 1603'. பிறந்த நாடும் ஆண்டும் தெரிந்துவிட்டன.

மேலே ஜாவி எழுத்தில் இன்னொரு வரலாறு இருக்கிறது. டச்சுக்காரர்கள் ஜொகூர் சுல்தானுக்குக் கொடுத்த பீரங்கியை அச்சே படை கைப்பற்றிய செய்தி அது. ஆண்டு ஹிஜ்ரி 1023. அதை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டுங்கள். ஏறக்குறைய 1614 வரும். பிறகு அச்சேயிலிருந்து சிலாங்கூர் போனது. 1871இல் பிரிட்டிஷார் கோலசிலாங்கூரைத் தாக்கிப் பறித்து, பினாங்குக்குக் கொண்டுவந்தார்கள். ஆக, பழம்பொருள் கிடைத்த இடத்தை வைத்து மட்டும் அதன் பிறந்த ஊரை முடிவுசெய்யக் கூடாது.

இன்னொன்று முக்கியம். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவதுபோல் பழைய ஆயுதத்தையும் பளபளப்பாக்க நினைக்காதீர்கள். மங்கிய எழுத்தும் முத்திரையும் தேய்ந்துபோனால் அதன் வயதைச் சொல்லச் சாட்சியே இருக்காது. தொடாமல், பக்கவாட்டில் வெளிச்சம் அடித்துப் படம் எடுங்கள். மேடுபள்ளம் தெளிவாகத் தெரியும். குழாய்க்குள் பழைய வெடிமருந்து இருக்கலாம், நோண்ட வேண்டாம். மண்ணிலோ கடலிலோ கண்டெடுத்தால், 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி மரபுடைமை ஆணையரிடம் உடனே தெரிவிக்க வேண்டும்.

பிள்ளை வரம் வேண்டி இந்தப் பீரங்கியின் வாயில் பூ வைப்பவர்களும் உண்டு என்றேன். அவன் சிரித்தான். "அப்படின்னா இது எந்த ஊரு மாமா?"

"பிறந்தது நெதர்லாந்து. இப்ப நம்ம ஊரு."