வெறியாட்டும் செய்வினையும்

அன்னூர் முதலிய கொங்கு நாட்டு ஊர்களில், கறவை பால் மறுப்பினும் மகவு நோயுறினும் செய்வினை என்பாருளர். அஃது உண்மையோ என ஆராயச் சங்க அகப்பாடல்கள் துணைபுரிகின்றன. தலைவியின் மெலிவு கண்ட தாய், முருகனால் நேர்ந்ததெனக் கருதி, வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துவாள். உண்மைக் காரணம் களவுக் காதல் என்பதைத் தோழி அறிவாள். ஆண்டு மெலிவு மெய்யே; காட்டிய காரணமே பொருந்தாதது.

ஆப்பிரிக்க அசாண்டே மக்களைப் பற்றி எவன்சு பிரிச்சர்டு 1937-இல் வெளியிட்ட நூலும் இதனைத் தெளிவுறுத்தும். கறையான் அரித்துக் களஞ்சியம் வீழ்வதை அம்மக்கள் அறிவர். அடியில் தாம் இருந்த வேளையில் அது வீழ்ந்தது ஏன் என்பதற்கே சூனியத்தை விடையாகக் கொள்வர்.

வெறியாட்டில் காரணம் தெய்வத்தைச் சாரும். செய்வினையிலோ பழி அயலார்மேல் விழும். ஆதலின், செய்வினைக்கு ஆற்றல் இல்லையெனினும், அந்நம்பிக்கையால் விளையும் பகை உண்மையே என்பது நம் துணிபு.